சுரங்கத்தை மூடியவள்

எங்கள் தெருவில் என்னை யாருக்காவது அறிமுகப்படுத்த வேண்டுமென்றால் பெயரைச் சொல்ல மாட்டார்கள். "இவதான் சுரங்கத்த மூடினவ" என்பார்கள். புதிதாகக் கல்யாணமாகி வந்த மருமகள்கள் முதலில் திகைப்பார்கள். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்து, ஏதோ பெரிய போராட்டம் நடத்தியவள் போலிருக்கிறது என்று மரியாதையாக ஒரு சிரிப்புச் சிரிப்பார்கள். நான் போராட்டம் எதுவும் நடத்தவில்லை. அப்போது எனக்கு ஒன்பது வயது, நான்காம் வகுப்பு. சுரங்கத்தைக் கண்ணால் பார்த்ததுகூடக் கிடையாது. இன்று வரைக்கும் பார்த்ததில்லை.

மணலூர்பேட்டையிலிருந்து ரிஷிவந்தியம் போகிற வழியில் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். சுற்றிலும் நெல்லும் கரும்பும்தான். அதில் ஒரு சென்ட் நிலம்கூட எங்கள் தெருக்காரர்களுடையது இல்லை. பெண்கள் நடவு, களை, கரும்பு வெட்டு என்று அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனார்கள். ஆண்களில் பதினோரு பேர் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனார்கள். கிழக்கே வேனில் மூன்று மணி நேரம் போக வேண்டும். அங்கேயே ரூம் எடுத்துத் தங்கி, பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஒரு ராத்திரிக்கு ஊருக்கு வருவார்கள். எல்லாம் காண்ட்ராக்ட் வேலைதான். ஆனாலும் "சுரங்கத்துல வேல" என்று சொல்லும்போது எங்கள் தெருவில் குரல் கொஞ்சம் உயரும். அந்தப் பதினோரு பேரில் அப்பாவும் ஒருவர். மற்ற பத்துப் பேரும் ஒரே காண்ட்ராக்டரிடம் ஒரே கேட்டில் வேலை பார்த்தார்கள். அப்பா மட்டும் வேறு காண்ட்ராக்டர், வேறு கேட், வேறு ரூம். வேன் மட்டும்தான் பொது.

சுரங்கம் என்றால் பூமிக்குள் குடைந்துகொண்டு போவது என்று நானும் நினைத்திருந்தேன். அப்படி இல்லை, திறந்து கிடக்கிற பெரிய பள்ளம் என்றார் அப்பா. நம் ஊர் ஏரியை எடுத்து அதற்குள் வைத்தால் எங்கே வைத்தோம் என்று தேட வேண்டியிருக்கும் என்றார். அதன் அடியில் இயந்திரம் நிலக்கரியை வெட்டிக் கன்வேயர் பெல்ட்டில் கொட்டும். ஆள் அகலத்துக்கு இருக்கும் அந்த ரப்பர் பெல்ட் மைல் கணக்கில் ஓடி அதை மேலே கொண்டுவரும். வழியில் சிந்துவதை அள்ளி மறுபடி பெல்ட்டில் போடுவது அப்பாவின் வேலை. ஒன்பது வருடமாக அதைத்தான் செய்துகொண்டிருந்தார். நான் பிறந்த வருடம் போனவர் என்பதால் அந்தக் கணக்கு எனக்கு மறப்பதே இல்லை.

அந்த வேலையில் ஒரு சட்டம் உண்டு. பெல்ட்டை எங்கே வேண்டுமானாலும் தாண்டக் கூடாது. அதற்கென்று மேலே போட்டிருக்கும் இரும்புப் படியில் ஏறித்தான் அந்தப் பக்கம் போக வேண்டும். பெல்ட் நின்றுகொண்டிருந்தாலும் அப்படித்தான். "ஓடற பெல்ட்ட பாத்தா எவனும் பயப்படுவான். நின்னுக்கினு இருக்கிற பெல்ட்டு மேலதான் கால வெப்பான். அது எப்ப கெளம்பும்னு யாருக்குத் தெரியும்?" என்பார் அப்பா. அப்படிக் கால் வைத்த ஒருவரை அவர் பார்த்திருக்கிறார். அதற்கு மேல் அந்தக் கதையை அவர் சொன்னதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

இந்தச் சட்டம் எங்கள் வீட்டு வாசல் வரைக்கும் வந்தது. தேய்ந்துபோன பெல்ட்டை வெட்டிச் சுரங்கத்துக்கு வெளியே காயலான் கடைகளில் போட்டிருப்பார்கள். அங்கிருந்து ஒரு துண்டை அப்பா வாங்கி வந்து வாசலில் போட்டிருந்தார். மழைக்காலத்தில் எங்கள் தெருச் சேறு கணுக்கால் வரைக்கும் ஏறும், அதற்காக. கறுப்பு ரப்பர், உள்ளே துணி அடுக்கு, ஒரு மூலையைத் தூக்கவே இரண்டு கை வேண்டும். நாங்கள் எல்லோரும் அதில் காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே போவோம். கோழிகூட அதன் மேல்தான் நின்று கூவும். அப்பா மட்டும் அதில் கால் வைக்க மாட்டார். பக்கவாட்டில் சேற்றில் இறங்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு, நிலைப்படிக்கு ஒரு தாவு. தான் வாங்கிப் போட்டதில் தானே கால் வைக்காத ஆள் இந்த ஜில்லாவிலேயே இவர் ஒருத்தர்தான் என்று அம்மா சிரிப்பாள். அப்பாவும் சிரிப்பார். ஆனால் அடுத்த முறையும் தாவுவார்.

அவர் அதை வாங்கிப் போட்ட ஒரு வருடத்தில் எங்கள் தெரு முழுக்கப் பெல்ட் வந்துவிட்டது. ஊருக்கு வரும்போதெல்லாம் யாராவது ஒருவர் வேன் கூரை மேல் பெல்ட்டைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு வந்தார். மாட்டுக் கொட்டகையில் பெல்ட், துணி துவைக்கிற இடத்தில் பெல்ட், மாரியம்மன் கோயில் வாசலில் பெல்ட். எங்கள் பள்ளிக்கூடத்து வேப்பமரத்து ஊஞ்சல்கூடப் பெல்ட்டுதான். சுரங்கத்துக்கு நல்ல காலம் வந்திருக்கிறது, அதனால்தான் இப்படி அள்ளிக் கொடுக்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன். வேனும் முன்பு போல நெருக்கடியாக இல்லை. பக்கத்து ஊர்களிலிருந்து ஏறுகிறவர்கள் குறைந்திருந்தார்கள். ஒருவர் மடியில் ஒருவர் உட்கார்ந்து போனவர்கள் இப்போது ஆளுக்கொரு சீட்டில் சாய்ந்துகொண்டு போனார்கள். அப்பாவுக்கு ஜன்னலோரம் கிடைத்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

அந்த வருடப் பொங்கலுக்கு எங்கள் வீட்டில் இன்னொரு விசேஷம் இருந்தது. அப்பாவின் தங்கை, எங்களோடு இருந்த அத்தை, அவளுக்கு ரிஷிவந்தியத்திலிருந்து ஒரு சம்பந்தம் பேசி வந்தது. அத்தைக்கு இருபத்தாறு வயது முடிந்திருந்தது. இதற்கு முன்னால் வந்த இரண்டு இடமும் கூலிக்காரன் வீடு என்று கைகழுவிவிட்டுப் போயிருந்தன. இந்த இடம் நின்றதே அப்பாவால்தான். பெண்ணின் அண்ணன் சுரங்கத்தில் வேலை பார்க்கிறார் என்றதும் மாப்பிள்ளையின் பெரியப்பா உட்கார்ந்து காபி குடித்தார். அவர்தான் அந்த வீட்டில் பெரிய தலை. "அந்த வேல மட்டும் இல்லன்னா இந்த எடமும் எழுந்து போயிருக்கும்" என்று அம்மா அத்தைக்குத் தலை பின்னிக்கொண்டே சொன்னதை நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். அத்தை தலையைக் குனிந்து, அம்மா பின்ன வசதியாகக் கொஞ்சம் பின்னால் சாய்ந்துகொண்டாள்.

அப்பா போகிக்கு முந்தின நாளே வந்துவிட்டார். இந்த முறை பாய், தலையணை, அலுமினியக் குண்டான் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு வந்திருந்தார். ரூம் மாற்றுகிறார்களாம். அப்படித்தான் அம்மாவிடம் சொன்னார். அந்தப் பொங்கல் முழுக்க எங்களைக் கடைக்குக் கூட்டிப் போனார், மாட்டுக் கொம்புக்கு வர்ணம் அடித்தார், பக்கத்து வீட்டுக் கூரைக்கு ஓலை கட்டினார். சும்மா உட்காரவே இல்லை.

எனக்கு அப்பாவிடம் ஒரே ஒரு குறைதான் இருந்தது. தை ஐந்தாம் தேதி மணலூர்பேட்டையில் ஆற்றுத் திருவிழா. சுற்றுப்பட்டு ஊர்ச் சாமிகளெல்லாம் அன்றைக்குப் பெண்ணையாற்றுக்கு வந்து தீர்த்தமாடும். ஆற்று மணல் முழுக்கக் கடையும் கூட்டமுமாக இருக்கும். சின்னப் பிள்ளைகள் அப்பா தோளில் உட்கார்ந்துதான் சாமி பார்க்க வேண்டும், கீழே நின்றால் மனிதர்களின் முதுகுதான் தெரியும். ஒவ்வொரு வருடமும் அப்பா நான்காம் தேதி காலையில் வேன் ஏறிவிடுவார். நான் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு போய் முதுகுகளைப் பார்த்துவிட்டு வருவேன். "சாமி எப்பிடி இருந்துச்சு?" என்று மறுநாள் வகுப்பில் ஒருத்தி வேண்டுமென்றே கேட்பாள். அவள் அப்பாவுக்குச் சுரங்கத்தில் வேலை இல்லை. அதனால் அவளுக்குத் தோள் இருந்தது. அடுத்த வருடம் எனக்குப் பத்து வயதாகிவிடும், அப்புறம் யாரும் தோளில் தூக்க மாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது.

ஆகவே நான்காம் தேதி காலையில் நான் அப்பாவின் கேட் பாஸை ஒளித்து வைத்தேன்.

அது ஒரு சின்ன அட்டை. அப்பா போட்டோ, காண்ட்ராக்டர் முத்திரை, மேலே கண்ணாடித்தாள் உறை, கழுத்தில் மாட்ட மஞ்சள் நாடா. அது இல்லாமல் போனால் கேட்டில் உள்ளே விட மாட்டார்கள். எப்போதும் சட்டை மாட்டுகிற ஆணியில் தொங்கும். எங்கே ஒளிப்பது என்று நான் ரொம்ப யோசிக்கவில்லை. அப்பா கால்கூட வைக்காத இடம் ஒன்றுதான் அந்த வீட்டில் இருந்தது. எல்லோரும் கொல்லைப் பக்கம் இருந்தபோது வாசல் பெல்ட்டின் மூலையை இரண்டு கையாலும் தூக்கி உள்ளே தள்ளிவிட்டு, நல்ல பிள்ளையாகப் போய்ப் பல் விளக்கினேன்.

வேன் எட்டு மணிக்கு வந்து ஹார்ன் அடித்தது. அதற்குள் மாப்பிள்ளையின் பெரியப்பாவும் வந்து உட்கார்ந்திருந்தார். காணும் பொங்கலுக்குப் பக்கத்து ஊரில் தங்கியிருந்தவர், அதே வேனில் மெயின் ரோடு வரைக்கும் போகலாம் என்று வந்திருந்தார். நிச்சயதார்த்தத்தை அப்பா அடுத்த தடவை லீவில் வரும்போது வைத்துக்கொள்ளலாம், பங்குனியோ சித்திரையோ பார்க்கலாம் என்று பேச்சு.

அப்பா சட்டையை மாட்டினார். ஆணியைப் பார்த்தார். "பாஸு எங்க?" என்றார்.

பிறகு நடந்ததைப் போல ஒரு தேடலை எங்கள் வீடு அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அம்மா அரிசிப் பானைக்குள் கையை விட்டாள். அத்தை துணிப் பெட்டியைக் கவிழ்த்தாள். அப்பா பாயை உதறினார், பரண் மேல் ஏறினார், மாட்டுப் பொங்கலுக்குக் கட்டிய கரும்பைப் பிரித்துக்கூடப் பார்த்தார். "ஆணியிலதான மாட்டினேன், ஆணியிலதான மாட்டினேன்" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிக்கொண்டிருந்தார். வேன் மறுபடி ஹார்ன் அடித்தது. அம்மா அழவே ஆரம்பித்துவிட்டாள். மாப்பிள்ளையின் பெரியப்பா எழுந்து, தான் உட்கார்ந்திருந்த ஸ்டூலைத் தூக்கி அடியில் பார்த்தார், பாவம்.

நான் கதவோரம் நின்றிருந்தேன். அப்போதுதான் பார்த்தேன். பெல்ட்டின் ஓரத்தில் மஞ்சள் நாடா ஒரு விரல் நீளத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கறுப்புக்குப் பக்கத்தில் மஞ்சள். அதைவிடப் பளிச்சென்று ஒன்று இருக்க முடியாது. போய் உள்ளே தள்ளலாம் என்றால் வேனிலிருந்து எட்டிப் பார்க்கிற பத்துத் தலையும் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. இதற்குள் எனக்கு இன்னொன்றும் உறைத்திருந்தது. அப்பா போகாவிட்டால் வேலை போகும், வேலை போனால் இந்த இடம் எழுந்து போகும். அம்மா சொன்னது அப்படியே காதில் கேட்டது. அத்தை கவிழ்ந்த பெட்டிக்குப் பக்கத்தில் முட்டி போட்டுத் தன் பாவாடைகளை ஒவ்வொன்றாக உதறிக்கொண்டிருந்தாள். எடுத்துக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். கால் நகரவில்லை.

வேனிலிருந்து டிரைவர் கத்தினார். "இன்னாண்ணே, வர்றியா இல்லியா? ஷிப்டுக்கு டைம் ஆவுது."

அப்பா வேகமாக வாசலுக்கு வந்தார். நிலைப்படியில் ஒரு நிமிடம் தரையைப் பார்த்தபடி நின்றார். பிறகு இறங்கிப் பெல்ட்டின் மேல், நாடா இருந்த ஓரத்தில், இரண்டு காலையும் வைத்து நின்றார்.

"பாஸக் காணோம்யா. நீங்க போங்க. கெடைச்சதும் பஸ்ஸு புடிச்சி வந்துர்றேன்."

குனிந்தால் போதும், தெரிந்துவிடும். அவர் குனியவில்லை. வேன் கிளம்பும் வரைக்கும் அங்கேயே நின்று கையாட்டிக்கொண்டிருந்தார். மாரியம்மாதான் என்னைக் காப்பாற்றினாள் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை அவளுக்கு ஒரு தேங்காய் உடைப்பதாகவும் சொல்லிக்கொண்டேன். அந்தத் தேங்காயை இன்னும் உடைக்கவில்லை.

இந்த அமர்க்களத்தில் மாப்பிள்ளையின் பெரியப்பா வேனை விட்டுவிட்டார். அவரை உட்காரவைத்து அம்மா மறுபடி காபி போட்டாள். அப்பா அவர் எதிரில் உட்கார்ந்தார்.

"மாமா, எனக்கு லீவு கெடைக்கிறதே கஷ்டங்க. எப்படியும் ரெண்டு மூணு நாளு இங்கதான். இருக்கிறப்பவே தட்டு மாத்திக்கினா இன்னா?"

பெரியவர் யோசித்தார். "நல்லதுக்குத்தான் காணாம போச்சின்னு வெச்சிக்குவோம் தம்பி" என்றார். ஆறாம் தேதி நிச்சயம், மாசியில் கல்யாணம் என்று அந்தக் காபி ஆறுவதற்குள் முடிவாகிவிட்டது. அத்தை உள்ளே போய்க் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். நான் ஒளித்து வைத்ததால் நின்றுபோகும் என்று பயந்தது, இப்போது மூன்று மாதம் முன்னாலேயே வந்து நிற்கிறது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் அப்பா என்னைத் தோளில் உட்காரவைத்துக்கொண்டு ஆற்றுக்குப் போனார். நான் நினைத்ததைவிடப் பெரிய உயரம் அது. ஆற்றில் தண்ணீர் ஒரு ஓரமாகத்தான் ஓடியது. மற்றதெல்லாம் மணலும் தலைகளும். சாமிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் குடையோடு இறங்கின. எந்தச் சாமி எந்த ஊர் என்று அப்பா சொல்லிக்கொண்டே வந்தார். பிறகு சுருளிக்கிழங்கு வாங்கிக் கொடுத்தார். அந்தத் திருவிழாவில் மட்டும்தான் அந்தக் கிழங்கு அப்படிக் குவித்து விற்பார்கள். அவித்ததை உரித்து உரித்து மேலே என் கையில் நீட்டினார். அவர் தலையெல்லாம் கிழங்குத் தோல். அவ்வளவு நிதானமாக அப்பா நடந்து நான் பார்த்ததே இல்லை. எப்போதும் வேன் பிடிக்கிற நடைதான் அவருக்கு.

அந்தச் சந்தோஷம்தான் எனக்குத் தாங்கவில்லை. தோளில் உட்கார்ந்தால் ஒரு வசதி, முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. அப்பாவின் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு, "பாஸ நான்தான் ஒளிச்சி வெச்சேன்" என்றேன்.

அப்பா நிற்கவில்லை. கொஞ்ச தூரம் மணலில் நடந்தார். "நிச்சயம் முடியட்டும். அதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லாத. அப்பறம் நானே சொல்லிக்கிறேன்" என்றார். பிறகு இன்னொரு கிழங்கை உரித்தார்.

வீட்டுக்கு வந்ததும் பெல்ட்டைத் தூக்கிப் பாஸை எடுத்து அவரிடம் கொடுத்தேன். வாங்கி, அதைப் பார்க்கக்கூடப் பார்க்காமல் தகரப் பெட்டிக்குள் போட்டார். "புதுசு போடச் சொல்லியிருக்கேன், வர்றதுக்குப் பத்து நாளு ஆவும்" என்று அம்மாவிடம் முன்பே சொல்லியிருந்தார். நிச்சயம் நடந்தது. பாஸ் வரட்டும், கல்யாண வேலையும் இருக்கிறது என்று அப்பா வீட்டிலேயே இருந்தார். மாசியில் கல்யாணமும் நடந்தது. அத்தை ரிஷிவந்தியம் போய்ச் சேர்ந்தாள். மாப்பிள்ளைக்குச் சொந்தம் என்று சொல்லியிருந்த டிராக்டர் அவர் பெரியப்பாவுடையது என்பது அவள் போன பிறகுதான் தெரிந்தது. ஆக, அந்தச் சம்பந்தத்தில் எதையாவது ஒளித்து வைத்தது நான் ஒருத்தி மட்டுமில்லை.

கல்யாணம் முடிந்த நான்காம் நாள் அப்பா விஷயத்தைச் சொன்னார். வீட்டுக்குள் சொல்லவில்லை, வாசலில் நாலு பேர் இருக்கும்போது சொன்னார். தன் இடத்துக்கு வேறு ஆள் போட்டுவிட்டார்களாம். பாஸ் இல்லாமல் நாள்கணக்கில் வராதவனுக்கு யார் வேலையை வைத்துக்கொண்டிருப்பார்கள்? "எல்லாம் இவ பண்ணின வேல" என்று என் தலையைத் தடவிக்கொண்டே சிரித்தார். "ஆத்துத் திருவிழா பாக்கணும்னு பாஸத் தூக்கி ஒளிச்சி வெச்சிட்டா."

அம்மா சிரிக்கவில்லை. எழுந்து வந்து கன்னத்தில் ஒன்று வைத்தாள். இன்னொன்றுக்குக் கையை ஓங்கினாள். அப்பா அந்தக் கையைப் பிடித்தார். ஆனால் முதல் அடி விழுந்த பிறகுதான் பிடித்தார். அது எனக்கு ரொம்ப நாள் ஆறவில்லை. ரிஷிவந்தியத்திலோ, குழந்தை செய்ததற்கு யாரை நோவது என்று விட்டுவிட்டார்கள். பெரியவர்கூட, "கெட்டிக்காரப் பொண்ணு, அப்பன வுடல" என்றாராம்.

பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். அந்த ஆடிக்கு இரண்டு பேர் பாயும் குண்டானுமாக வந்து இறங்கினார்கள். தீபாவளிக்கு நான்கு பேர். அந்தப் பக்கம் கரி தீர்ந்துவிட்டதாம், பெல்ட் லைனைக் கழற்றுகிறார்களாம் என்று வாசல்களில் பேசிக்கொண்டார்கள். பெரியவர்கள் பேசுவது எனக்கு அரைகுறையாகத்தான் ஏறியது. பெண்கள் என்னைப் பார்த்து, "நீ கை வெச்சதுலேர்ந்துதாண்டி எல்லாம் போச்சு, சுரங்கத்தையே மூடிட்ட" என்று கன்னத்தைக் கிள்ளினார்கள். அவர்கள் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்கள். எனக்கு அது சிரிப்பாக இல்லை. ஒவ்வொரு ஆள் வந்து இறங்கும்போதும் நான் வீட்டுக்குள் ஓடிப் போய்விடுவேன். ஒருநாள் தகரப் பெட்டியைத் திறந்து பாஸை எடுத்துப் பழையபடி ஆணியில் மாட்டினேன். இருந்த இடத்தில் வைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணம். இரண்டு மூன்று நாள் தொங்கியது. அம்மா எடுத்து உள்ளே போட்டுவிட்டாள். அதற்கு அடுத்த பொங்கலுக்குப் பிறகு வேன் வருவதே நின்றுவிட்டது.

வந்தவர்களில் மூன்று பேர் பெங்களூருக்குக் கட்டிட வேலைக்குப் போனார்கள். சிலர் சீசனுக்குக் கல்வராயன் மலைக்குப் போய் மரவள்ளிக்கிழங்கு பிடுங்கினார்கள். அப்பா அம்மாவோடு சேர்ந்து கரும்பு வெட்டப் போனார். ஒன்பது வருடம் மண்வெட்டி பிடித்த கைக்குக் கரும்புக் கத்தி பிடிபடவில்லை. அவர் ஒரு கட்டுக் கட்டுவதற்குள் அம்மா மூன்று கட்டிவிடுவாள். மேஸ்திரி, "அண்ணி, வூட்டுக்காரர வெச்சிக்கினு வெட்டறதுக்கு நீங்க தனியாவே வெட்டலாம்" என்று கிண்டல் செய்வார். அப்பா அதற்கும் சிரிப்பார். வரப்பில் இன்ஜின் பெல்ட் ஓடுகிற மோட்டார் கொட்டகை வந்தால் மட்டும் சுற்றிக்கொண்டு போவார். சுரங்கம் அவருக்கு விட்டுவைத்தது அவ்வளவுதான்.

நான் இப்போது கள்ளக்குறிச்சியில் ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டரில் பதிவு செய்கிற வேலை பார்க்கிறேன். என்னுடையதும் காண்ட்ராக்ட்தான். என் கழுத்திலும் ஓர் அட்டை தொங்குகிறது, நாடா நீலம். வருடா வருடம் புது அட்டை வரும்போது நாங்கள் யாரும் போட்டோவைப் பார்ப்பதில்லை. திருப்பி, பின்னால் எந்தத் தேதி வரைக்கும் என்று போட்டிருப்பதைத்தான் முதலில் பார்ப்போம்.

போன வருடம் கூரையைப் பிரித்து மேலே காங்கிரீட் போட்டோம். சாமான்களை வெளியே எடுத்து வைத்தபோது தகரப் பெட்டியும் வந்தது. பாஸ் உள்ளேயே இருந்தது. கண்ணாடித்தாள் மஞ்சளாகி, நாடா வெளுத்துப்போயிருந்தது. பழக்க தோஷம், கை தானாகத் திருப்பியது. பின்னால் தேதி இருந்தது. அந்தப் பொங்கலுக்கு முன்பே பாஸ் முடிந்திருந்தது. நான் அதை ஒளித்து வைத்தபோது அது வெறும் அட்டை.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். ஒன்பது வயதுப் பிள்ளை மேல் போடுகிற பழியா அது? எத்தனை நாள் பயந்திருக்கிறேன், எத்தனை பேரைப் பார்த்து ஓடி ஒளிந்திருக்கிறேன். வாசலில் உட்கார்ந்திருந்த அப்பாவிடம் கொண்டுபோய் நீட்டினேன். இப்போது நூறு நாள் வேலைக்குப் போகிறார், கண் கொஞ்சம் மங்கல். அட்டையைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். என் கட்டைவிரல் எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் பார்த்தார்.

"அத்த வூட்டுல இன்னிக்கி ரெண்டு புள்ளைங்க" என்றார். அட்டையைத் திருப்பிப் போட்டோவைப் பார்த்தபடி, "அந்த அடி மட்டும் நான் நெனைக்கல. உங்கம்மா கை அவ்ளோ வேகம்னு தெரியாது" என்றார்.

அட்டையை என்னிடமே கொடுத்துவிட்டார். பழைய பெல்ட் இன்னும் வாசலில்தான் கிடக்கிறது. சிமென்ட் கலந்த கொத்தனார் அதன் மேல் நின்று கை கழுவிக்கொண்டிருந்தார். நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அன்றைக்கு வீட்டையே புரட்டிப் போட்ட மனிதர் ஒரே ஓர் இடத்தை மட்டும் தேடவில்லை. ஆற்றில் நான் சொன்னபோது, எங்கே ஒளித்தாய் என்று கேட்கவும் இல்லை. நிலைப்படியில் ஒரு நிமிடம் நின்று கீழே பார்த்தார், பிறகு நாடா நீட்டிக்கொண்டிருந்த ஓரத்தை மிதித்து நின்றார். அவர் கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று மட்டும்தான் நான் நடுங்கினேன். ஒன்பது வருடமாக எந்தப் பெல்ட்டிலும் கால் வைக்காதவர், அன்றைக்கு ஏன் வைத்தார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அது இனிமேல் ஓடாது என்பது அந்த வாசலில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.